67பி வால்வெள்ளி இன்று எங்கே? ஆறு எண்களை வைத்துக் கணக்கிடும் முறை

ஒரு வால்வெள்ளி சூரியனைச் சுற்றும் பாதையைச் சொல்ல ஆறு எண்கள் போதும். அந்த ஆறும் கையில் இருந்தால், எந்த நாளிலும் அது சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில், வானத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்று சாதாரண எக்செல் தாளிலேயே கண்டுபிடிக்கலாம். பள்ளி முக்கோணவியல் தெரிந்திருந்தால் போதும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் விடையை நேராகப் பெற முடியாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு 67பி சூர்யுமோவ்–கெராசிமென்கோ. கிளிம் சூர்யுமோவும் ஸ்வெட்லானா கெராசிமென்கோவும் 1969-இல் கண்டுபிடித்த, சுமார் 6.4 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிவரும் குறுங்கால வால்வெள்ளி இது. இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் ரொசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை இதனுடனேயே பயணித்தது. அதனால் குறிப்பிட்ட நாள்களில் இது எங்கே இருந்தது என்பது ஐயமின்றித் தெரியும். நம் கணக்கு சரியா தவறா என்று உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் கிடைக்காது.

ஆறு எண்கள்

2015-ஆம் ஆண்டு வருகைக்கான பாதை எண்கள் இவை:

அண்மைநிலை நேரம்: 2015 ஆகஸ்ட் 13.09
அண்மைத் தொலைவு: 1.2433 வானியல் அலகு
மையத்தொலைத்தகவு: 0.6410
அண்மைநிலைக் கோணம்: 12.78°
ஏறு கணுவின் கோணம்: 50.15°
சாய்வு: 7.04°

அண்மைநிலை என்பது வால்வெள்ளி சூரியனுக்கு மிக அருகே வரும் இடம். அங்கே சூரியனிலிருந்து இருக்கும் தூரம் அண்மைத் தொலைவு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவுதான் ஒரு வானியல் அலகு. மையத்தொலைத்தகவு (இனிமேல் ‘தகவு’) பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். ஏறு கணு என்பது அது பூமியின் பாதைத் தளத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் புள்ளி. அதன் கோணம் சம இரவுப் புள்ளியிலிருந்து (மார்ச் சம இரவு நாளில் சூரியன் தெரியும் திசை) அளந்தது. இரண்டு பாதைத் தளங்களுக்கும் இடையிலான கோணம் சாய்வு. அந்தக் கணுவிலிருந்து அண்மைநிலை வரை, பாதையின் வழியாகவே அளந்த கோணம்தான் அண்மைநிலைக் கோணம். ‘13.09’ என்றால் 13-ஆம் தேதி பிறந்து 0.09 நாள், அதாவது உலக நேரப்படி அதிகாலை 2 மணி 10 நிமிடம்.

சிறுகோள் பட்டியலில் அரை நெட்டச்சும் (நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி) சராசரிக் கோணமும் (இது பின்னால் வரும்) தருவார்கள். வால்வெள்ளிப் பட்டியலில் அண்மைத் தொலைவும் அண்மைநிலை நேரமும் தருவார்கள். பல வால்வெள்ளிகளின் பாதை ஏறத்தாழ பரவளையமாக இருப்பதால் அவற்றுக்கு அரை நெட்டச்சு என்று சொல்ல ஒன்றுமில்லை, அதனால்தான் இந்த வழக்கம். மைனர் பிளானட் சென்டர் (சிறுகோள், வால்வெள்ளிப் பாதைகளைத் தொகுக்கும் மையம்), ஜேபிஎல் (நாசாவின் ஆய்வுக்கூடம்) இரண்டின் இணையதளங்களிலும் இந்த எண்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆறையும் ஒரே வரியிலிருந்து எடுங்கள். நான்கை ஓர் ஆண்டின் பட்டியலிலிருந்தும் இரண்டை வேறொரு ஆண்டிலிருந்தும் எடுத்துக் கலந்தால் வருவது எந்த வால்வெள்ளிக்கும் சொந்தமில்லாத பாதை.

முதலில் ஒரு படம்

கணக்குக்கு முன்னால் பாதையை ஒருமுறை வரைந்துவிடுங்கள். பின்னால் ஒரு விடை அபத்தமாக வந்தால் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

அரை நெட்டச்சு = அண்மைத் தொலைவு ÷ (1 − தகவு) = 1.2433 ÷ 0.3590 = 3.4632 அலகு

சேய்மைத் தொலைவு (சூரியனிலிருந்து மிக விலகிய இடத்தின் தூரம்) = அரை நெட்டச்சு × (1 + தகவு) = 5.683 அலகு

ஏ3 தாளில் 1 வானியல் அலகுக்கு 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குண்டூசிகளை 17.8 செ.மீ. இடைவெளியில் குத்துங்கள். மொத்தச் சுற்றளவு 45.5 செ.மீ. வருமாறு நூலைக் கண்ணியாக முடிந்து, இரண்டு ஊசிகளையும் சுற்றிப் போட்டு, பென்சிலால் இறுக்கிப் பிடித்து ஒரு சுற்று வாருங்கள். நீளம் 27.7, அகலம் 21.3 செ.மீ. உள்ள நீள்வட்டம் கிடைக்கும். தையல் நூல் இழுபடும். தூண்டில் நரம்பு அவ்வளவாக இழுபடாது. ஓர் ஊசி சூரியன், மற்றது வெறும் புள்ளி. சூரிய ஊசியை மையமாக வைத்து 4 செ.மீ. ஆரத்தில் பூமியின் பாதையையும், 20.8 செ.மீ. ஆரத்தில் தாளுக்குள் அடங்கும் அளவு வியாழனின் பாதையையும் வரையுங்கள். (67பி-யின் பாதை 7° சாய்ந்திருப்பதை இந்தப் படத்தில் கண்டுகொள்ள வேண்டியதில்லை.)

அண்மைநிலையிலிருந்து கடந்த நாள், சூரியனிலிருந்து தொலைவு, அண்மைநிலைத் திசையிலிருந்து திரும்பிய கோணம் என்ற வரிசையில் இந்தப் புள்ளிகளைக் குறியுங்கள்:

0 நாள்: 1.24 அலகு, 0°
100 நாள்: 1.71 அலகு, 72.4°
200 நாள்: 2.47 அலகு, 105.8°
400 நாள்: 3.76 அலகு, 135.5°
800 நாள்: 5.26 அலகு, 162.7°
1177 நாள்: 5.68 அலகு, 180°

முதல் 200 நாளில் 106° திரும்பிய வால்வெள்ளி, கடைசி 377 நாளில் 17° மட்டுமே நகர்கிறது. அண்மைநிலையில் அதன் வேகம் நொடிக்கு 34.2 கி.மீ., சேய்மைநிலையில் வெறும் 7.5 கி.மீ. ஆண்டுக்கணக்கில் அது தங்கிக் கிடப்பது வியாழனின் பாதையை ஒட்டிய பகுதியில்தான் என்பதையும் படத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

நாளைக் கோணமாக்குதல்

ரொசெட்டாவிலிருந்து பிரிந்த ஃபிலே இறங்குகலம் 67பி-யின் தரையைத் தொட்ட நேரத்தை எடுத்துக்கொள்வோம்: 2014 நவம்பர் 12, உலக நேரம் 15:34, அதாவது நவம்பர் 12.65.

தேதிகளைக் கழிப்பதைவிட ஜூலியன் நாளாக (மாதம், ஆண்டு இல்லாமல் நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் எண்) மாற்றிக்கொண்டு கழிப்பது பாதுகாப்பு. எக்செல் ஒரு தேதிக்கு உள்ளே வைத்திருக்கும் எண்ணுடன் 2415018.5-ஐக் கூட்டினால் ஜூலியன் நாள் வந்துவிடும். தொட்ட நேரம் 2456974.15, அண்மைநிலை 2457247.59. வித்தியாசம் −273.44 நாள். அண்மைநிலைக்கு முன்னால் என்பதால் கழித்தல் குறி. அதைக் கடைசி வரை தொலைக்கக் கூடாது.

இந்திய நேரத்தைக் கொடுப்பவர்கள் 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க மறப்பது வழக்கமான தவறு. அண்மைநிலை அருகே அந்த ஐந்தரை மணி நேரத்தில் 67பி சுமார் 6.8 லட்சம் கி.மீ. போய்விடும்.

ஒரு நாளுக்கு நகரும் சராசரிக் கோணம் = 0.9856077 ÷ (அரை நெட்டச்சு)^1.5 = 0.9856077 ÷ 6.4449 = 0.152928°

அந்த 6.4449 என்பதே ஆண்டுக்கணக்கில் சுற்றுக்காலம். நாளில் 2354.

சராசரிக் கோணம் = −273.44 × 0.152928 = −41.817° = −0.72984 ரேடியன்

வால்வெள்ளி சீரான வேகத்தில் சுற்றியிருந்தால் இருக்க வேண்டிய கோணம் இது. உண்மையில் அது சீராகச் சுற்றுவதில்லை. அதைச் சரிசெய்வதுதான் அடுத்த வேலை.

கெப்ளர் சமன்பாடு

துணைக் கோணம் − தகவு × சைன்(துணைக் கோணம்) = சராசரிக் கோணம்

சராசரிக் கோணம் தெரியும். துணைக் கோணம் (சராசரிக் கோணத்திலிருந்து உண்மையான இடத்துக்குப் போக உதவும் இடைக் கோணம்) வேண்டும். இயற்கணிதத்தால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஊகித்துத் திருத்த வேண்டும். குறியைத் தற்காலிகமாக விட்டுவிட்டு 0.72984-ஐ முதல் ஊகமாக வைத்து, இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்:

புதிய ஊகம் = 0.72984 + 0.6410 × சைன்(பழைய ஊகம்)

1.1572, 1.3168, 1.3503, 1.3553, 1.3560, 1.3561 என்று வந்து நின்றுவிடும். குறியைத் திரும்பப் போட்டால் −1.3561 ரேடியன், −77.70°. தாளில் ஒரு வரிசையாகப் பத்துக் கட்டத்துக்கு இந்தச் சூத்திரத்தை இழுத்துவிட்டால் இந்த நாளுக்குப் போதும்.

எல்லா நாளுக்கும் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருக்கும் பிழை, தகவு × கொசைன்(துணைக் கோணம்) என்ற விகிதத்தில் குறைகிறது. மேலே அந்த விகிதம் 0.14, அதனால் சட்டென்று அடங்கியது. அண்மைநிலை அருகே கொசைன் 1-ஐ நெருங்கும், விகிதம் 0.64 ஆகிவிடும். பத்துச் சுற்றுக்குப் பிறகும் தொடக்கப் பிழையில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சும். என்கே என்ற மற்றொரு குறுங்கால வால்வெள்ளியின் தகவு சுமார் 0.85, அங்கே இன்னும் மோசம். வால்வெள்ளி பிரகாசமாக இருப்பதும் நாம் அதைத் தேடுவதும் அண்மைநிலை அருகேதான் என்பதால் நியூட்டன் முறைக்கு மாறிவிடுவது நல்லது:

திருத்தம் = (ஊகம் − தகவு × சைன்(ஊகம்) − சராசரிக் கோணம்) ÷ (1 − தகவு × கொசைன்(ஊகம்))

ஊகத்திலிருந்து இந்தத் திருத்தத்தைக் கழித்தால் புதிய ஊகம். நான்கைந்து சுற்றில் முடிந்துவிடும்.

இந்தச் சமன்பாட்டில் கோணம் ரேடியனில்தான் இருக்க வேண்டும். டிகிரியைப் போட்டாலும் எக்செல் முறையிடாது, ஏதோ ஒரு விடை தந்துவிடும். இந்த வேலையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் பிறப்பவை.

தொலைவும் உண்மைக் கோணமும்

சூரியத் தொலைவு = அரை நெட்டச்சு × (1 − தகவு × கொசைன்(துணைக் கோணம்)) = 3.4632 × 0.86345 = 2.990 அலகு

இங்கே நிறுத்திச் சரிபாருங்கள். ஃபிலே இறங்கியபோது 67பி சூரியனிலிருந்து 2.99 அலகு, ஏறத்தாழ 45 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது என்பது பதிவான செய்தி. பொருந்துகிறது. எந்த நாளைப் போட்டாலும் விடை 1.243-க்கும் 5.683-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். வெளியே போனால் இந்தச் சூத்திரத்திலோ அரை நெட்டச்சு, தகவு எண்களிலோ தவறு. ரேடியன்–டிகிரிக் குழப்பம் இந்த வரம்பில் தெரியாது, இப்படித் தெரிந்த நாளைப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

டேன்(உண்மைக் கோணம் ÷ 2) = √((1 + தகவு) ÷ (1 − தகவு)) × டேன்(துணைக் கோணம் ÷ 2)

வர்க்கமூலம் 2.1380. விடை −119.71°. படத்தில் அண்மைநிலைத் திசையிலிருந்து 120° பின்னால், சூரியனிலிருந்து 12 செ.மீ. தள்ளிக் குறித்தால் நீள்வட்டத்தின் மேலேயே விழும்.

விண்வெளியில் நிறுத்துதல்

வாதக் கோணம் (ஏறு கணுவிலிருந்து பாதையின் வழியாக அளந்த கோணம்) = உண்மைக் கோணம் + அண்மைநிலைக் கோணம் = −119.71 + 12.78 = −106.93°

சூரியனை மையமாகவும் பூமியின் பாதைத் தளத்தைத் தரையாகவும் வைத்து மூன்று ஆயங்கள்:

முதல் ஆயம் = தொலைவு × (கொசைன் கணு × கொசைன் வாதம் − சைன் கணு × சைன் வாதம் × கொசைன் சாய்வு) = 1.6216
இரண்டாம் ஆயம் = தொலைவு × (சைன் கணு × கொசைன் வாதம் + கொசைன் கணு × சைன் வாதம் × கொசைன் சாய்வு) = −2.4879
மூன்றாம் ஆயம் = தொலைவு × சைன் வாதம் × சைன் சாய்வு = −0.3506

மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் மறுபடி 2.990 வர வேண்டும்.

இங்கே ஒளிந்துகொள்ளும் ஒரு தவறு உண்டு. அண்மைநிலைக் கோணத்தையும் கணுக் கோணத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டால், சாய்வு சிறியது என்பதால் முதல் இரண்டு ஆயங்கள் கிட்டத்தட்ட மாறவே மாறாது. மூன்றாவதும் இந்த நாளில் −0.343 என்று நல்ல பிள்ளை போல நிற்கும். அதைப் பிடிக்க அண்மைநிலை நாளையே போட்டுப் பாருங்கள். மூன்றாம் ஆயம் 0.034 வர வேண்டும். 0.117 வந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

பூமியிலிருந்து பார்க்க

பூமி எங்கே என்று தெரிந்தால்தான் வானத்தில் திசை சொல்ல முடியும். அதற்குச் சூரியனின் இடத்தைக் கண்டுபிடிக்கும் எளிய சூத்திரம் போதும். ஜூலியன் நாளிலிருந்து 2451545-ஐக் கழித்தால் 5429.15.

சூரியனின் சராசரிக் கோணம் = 357.529 + 0.98560028 × 5429.15 = 308.50° (360-இன் மடங்குகளைக் கழித்தபின்)
சராசரி நெட்டாங்கு = 280.459 + 0.98564736 × 5429.15 = 231.69°
நெட்டாங்கு = சராசரி நெட்டாங்கு + 1.915 × சைன்(சராசரிக் கோணம்) + 0.020 × சைன்(2 × சராசரிக் கோணம்) = 230.17°
தொலைவு = 1.00014 − 0.01671 × கொசைன்(சராசரிக் கோணம்) − 0.00014 × கொசைன்(2 × சராசரிக் கோணம்) = 0.9898

இந்த நெட்டாங்கு அன்றைய நாளின் சம இரவுப் புள்ளியிலிருந்து அளந்தது. வால்வெள்ளியின் கோணங்களோ 2000-ஆம் ஆண்டுப் புள்ளியிலிருந்து அளந்தவை. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆண்டுக்கு 0.01397° வீதம் கழித்துவிடுங்கள்: 14.86 ஆண்டுக்கு 0.208°, மிச்சம் 229.96°. வால்வெள்ளி தொலைவில் இருக்கும்போது இதை விட்டுவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. 0.4 அலகுக்கு அருகே வந்திருக்கும்போது வானத்தில் 0.3° வரை இடம் தவறும். தொலைநோக்கியின் பார்வைப் புலத்திலிருந்து வால்வெள்ளி வெளியே போக அது போதும்.

சூரியனின் ஆயங்கள்: தொலைவு × கொசைன் நெட்டாங்கு = −0.6367; தொலைவு × சைன் நெட்டாங்கு = −0.7578, மூன்றாவது பூச்சியம். இவற்றை வால்வெள்ளியின் ஆயங்களுடன் கூட்டுங்கள்: 0.9848, −3.2456, −0.3506. பூமியிலிருந்து தொலைவு 3.410 அலகு, 51 கோடி கி.மீ.

ஒளி ஓர் அலகைக் கடக்க 499 நொடி. 3.410 × 499 = சுமார் 1702 நொடி, 28 நிமிடத்துக்குச் சற்று மேல். ஃபிலே 15:34-க்குத் தரை தொட்ட செய்தி பூமிக்கு வந்து சேர்ந்தது 16:03-க்கு. ஆறு எண்களும் நான்கு வரிச் சூரியச் சூத்திரமும் சேர்ந்து அந்தக் காத்திருப்பைச் சரியாகச் சொல்லிவிடுகின்றன. உங்கள் தாளில் 2.87 அலகு வந்தால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறீர்கள்.

விண்மீன் படத்தில் குறிக்க, ஆயங்களைப் பூமியின் அச்சுச் சாய்வான 23.439° அளவுக்குத் திருப்ப வேண்டும்:

புதிய இரண்டாம் ஆயம் = இரண்டாவது × கொசைன் 23.439° − மூன்றாவது × சைன் 23.439° = −2.838
புதிய மூன்றாம் ஆயம் = இரண்டாவது × சைன் 23.439° + மூன்றாவது × கொசைன் 23.439° = −1.613

முதல் ஆயம் மாறாது. முதலாவதையும் புதிய இரண்டாவதையும் ஏடேன்2 (ATAN2) சார்பில் போட்டால் 289.13°, 15-ஆல் வகுத்தால் வல ஏற்றம் (விண்மீன் படத்தில் கிழக்கு–மேற்காக அளக்கும் ஆயம்) 19 மணி 16.5 நிமிடம். புதிய மூன்றாவதைத் தொலைவால் வகுத்துத் தலைகீழ் சைன் எடுத்தால் நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து வடக்கு–தெற்காக விலகிய கோணம்) −28.2°. தனுசு விண்மீன் குழு.

எக்செல், லிப்ரே ஆஃபிஸ் இரண்டிலும் ஏடேன்2-க்கு முதல் ஆயத்தை முதலில் கொடுக்க வேண்டும். பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் அது இரண்டாவது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எழுதும்போது வல ஏற்றம் கெட்டுவிடும், தொலைவு சரியாகவே இருக்கும். தொலைவு பொருந்தி, திசை மட்டும் பிசகினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொரு பயிற்சி: ரொசெட்டா 67பி-யின் மேல் இறங்கித் தன் பயணத்தை முடித்தது 2016 செப்டம்பர் 30, உலக நேரம் 10:39-க்கு. அண்மைநிலைக்கு 414.35 நாள் பின்னால். சூரியத் தொலைவு 3.83 அலகு வர வேண்டும்.

எண்கள் பழசாகும்போது

இதே தாளில் இன்றைய தேதியைப் போட்டுவிடாதீர்கள். 2015 எண்களின்படி சுற்றுக்காலம் 2354 நாள். அடுத்த அண்மைநிலை 2022 ஜனவரி 22-இல் வர வேண்டும். 67பி வந்ததோ 2021 நவம்பர் 2-இல், 81 நாள் முன்னதாகவே. கணக்கில் பிழை இல்லை, இடையில் பாதையே மாறிவிட்டது. சேய்மைநிலை வியாழனின் பாதையை ஒட்டி இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வியாழன் அதைக் கொஞ்சமாவது இழுக்கிறது. 1959 பிப்ரவரியில் 67பி வியாழனை 0.05 அலகு வரை நெருங்கியபோது அண்மைத் தொலைவு 2.7-இலிருந்து 1.28 அலகாகவே குறைந்துபோனது.

வியாழன் இழுக்காவிட்டாலும் வால்வெள்ளி சொன்ன நேரத்துக்கு வராது. சூரிய வெப்பத்தில் பனி ஆவியாகிப் பீறிடும்போது அது சிறு ராக்கெட்டைப் போல வால்வெள்ளியைத் தள்ளுகிறது. என்கே வால்வெள்ளி ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாக வருவதை யோகான் என்கே 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார்.

ஆகவே ஒவ்வொரு வருகைக்கும் புதிய எண்களை எடுக்க வேண்டும். 2021 வருகைக்கு: அண்மைநிலை நவம்பர் 2.06, அண்மைத் தொலைவு 1.2106, தகவு 0.6498, அண்மைநிலைக் கோணம் 22.13°, கணு 36.33°, சாய்வு 3.87°. சாய்வு ஏறத்தாழ பாதியாகிவிட்டதைக் கவனியுங்கள். இவற்றைப் போட்டு 2021 நவம்பர் 12-ஐக் கேட்டால் சூரியத் தொலைவு 1.217, பூமியிலிருந்து 0.418 அலகு என்று வரும். அந்த வருகையில் 67பி பூமியை மிக நெருங்கியது அன்றுதான். அதே நாளை 2015 எண்களிடம் கேட்டால், சூரியனிலிருந்து பார்க்கையில் 60°-க்கு மேல் பின்தங்கிய இடத்தைக் காட்டும்.

அடுத்த அண்மைநிலை 2028 ஏப்ரலில். அதற்கான எண்களை அந்த ஆண்டை ஒட்டி மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மாற்ற வேண்டியது ஆறு கட்டங்கள் மட்டுமே.